ரூட்டம் குன்றில் மூன்று அலைவரிசைகள்

பிரிட்டிஷ் வானொலியின் 1955ஆம் ஆண்டைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் செப்டம்பர் 22 மாலைக்குத்தான் வந்து சேர்வார்கள். அன்றுதான் லண்டனில் ஐடிவி என்ற வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. அது திரைக்கு வருவதற்குச் சற்று முன்பு, பிபிசியின் லைட் புரோகிராமில் ‘தி ஆர்ச்சர்ஸ்’ நாடகத் தொடரின் பாத்திரமான கிரேஸ் ஆர்ச்சர், தீப்பிடித்த லாயத்தில் குதிரையைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தாள். பிபிசியின் தொலைபேசி இணைப்பகம் திணறியது. மறுநாள் பத்திரிகைகள் புதுத் தொலைக்காட்சியோடு கிரேஸின் சாவையும் சேர்த்துப் பேசின. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் வானொலி என்றால் அந்த ஒரு மாலைதான் என்று ஆகிவிட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கு நாலரை மாதம் முன்பு, மே 2ஆம் தேதி, கென்ட் மாவட்டத்துக் குன்று ஒன்றில் நடந்ததுதான் 1955இன் பெரிய காரியம். தீயில் யாரும் சாகாததால் அது நினைவில் தங்கவில்லை.

குன்று இருக்கும் ஊரின் பெயரை எழுத்தைப் பார்த்து ‘ராத்தம்’ என்று வாசிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘ரூட்டம்’. லண்டனுக்குத் தென்கிழக்கே, நார்த் டவுன்ஸ் மலைத்தொடரின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்தில் அந்த நிலையம் நிற்கிறது. அங்கிருந்த 470 அடி கம்பத்திலிருந்து அன்று பிபிசியின் மூன்று உள்நாட்டு வானொலிச் சேவைகளும் பண்பலையில் முறைப்படி ஒலிபரப்பாகத் தொடங்கின. லைட் 89.1, தேர்ட் 91.3, ஹோம் 93.5. அன்றைய வழக்கில் மெகாசைக்கிள், இன்று மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றின் செயலுறு கதிர்வீச்சுத் திறனும் 120 கிலோவாட்.

இரவில் கெட்டுப்போன மத்திய அலை

அப்போது இருந்த வானொலிக்கு என்ன குறை என்று கேட்கலாம். பகலில் பெரிதாக ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தால்தான் தொல்லை. வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் அதன் கீழடுக்கு இருட்டியதும் கலைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து விழும். ஐரோப்பா முழுக்க எத்தனை நிலையங்கள்! அத்தனையையும் ஒழுங்குபடுத்த 1948இல் கோபன்ஹேகனில் ஒரு திட்டம் போட்டார்கள். 1950 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. நிலையத்துக்கு நிலையம் இடைவெளி பெரும்பாலும் 9 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து நிலையம் உள்ளே வராமல் தடுக்க வேண்டுமானால் வானொலிப் பெட்டி நாலரை, ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டியாக வேண்டும். வயலினின் மேல் சுருதிகளும் ‘ஸ’ ஒலியின் கூர்மையும் அங்கேயே போய்விடும். அப்படியும் 9 கிலோஹெர்ட்ஸ் விசில் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். திட்டத்தில் இடம் பெறாத நிலையங்கள் வேறு இஷ்டத்துக்கு நுழைந்தன.

அதிகம் அடிபட்டது தேர்ட் புரோகிராம்தான். 1946 செப்டம்பர் 29இல் தொடங்கிய அந்தச் சேவையில் இசை, நாடகம், கவிதை, நீண்ட உரைகள் எல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல்தான். அதாவது மத்திய அலை கெட்டுப்போகும் வேளையில்தான் அதன் நாளே தொடங்கும். டேவென்ட்ரி நிலையத்திலிருந்து 464 மீட்டர் அலைநீளத்தில் வரும் அலை எட்டாத நகரங்களுக்கு 194 மீட்டரில் சிறிய துணை நிலையங்கள் இருந்தன. அவையும் இரவில் தத்தளித்தன. நாட்டின் மிக நுட்பமான இசை ஒலிபரப்பு, மிக மோசமான அலையில், மிக மோசமான நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. ரூட்டம் திறக்கப்பட்டதால் யாருக்கு அதிக லாபம் என்றால் இந்தச் சின்னக் கூட்டத்துக்குத்தான்.

ஜெர்மனி இந்த வழியில் முன்பே போய்விட்டது. போரில் தோற்ற நாடு என்பதால் கோபன்ஹேகனில் அதற்குக் கிடைத்த மத்திய அலை பங்கு மிகக் குறைவு. வேறு வழியில்லாமல் 1949லேயே பண்பலைக்குப் போனார்கள். பிரிட்டனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அதனால் ஆற அமரச் சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தது.

வீச்சா, அதிர்வெண்ணா

கதையின் திருப்புமுனை என்று நான் நினைப்பது இந்தச் சோதனையைத்தான். மத்திய அலையை விட்டு மிகை அதிர்வெண்ணுக்கு (விஎச்எஃப்) போக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அங்கே போனபின், ஒலிக்கேற்ப அலையின் வீச்சை மாற்றும் பழைய வீச்சுப் பண்பேற்றத்தையே (ஏஎம்) வைத்துக்கொள்வதா, அலையின் அதிர்வெண்ணை மாற்றும் அதிர்வெண் பண்பேற்றத்துக்கு (எஃப்எம், அதாவது பண்பலை) மாறுவதா என்பதுதான் கேள்வி. வீச்சுக்காரர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. பெட்டி எளிமையாக இருக்கும், விலை குறையும், ஏற்கெனவே வீட்டில் உள்ள வானொலிக்கு முன்னால் ஒரு சிறு மாற்றியைச் சேர்த்தாலே போதும். கார் எஞ்சினின் தீப்பொறி இரைச்சலை ஒரு வெட்டும் சுற்று கவனித்துக்கொள்ளும் என்றார்கள்.

பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு 1940களின் நடுவிலேயே களச்சோதனைகளைத் தொடங்கியிருந்தது. 1950 வாக்கில் ரூட்டம் குன்றிலேயே இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தினார்கள். ஒன்று 25 கிலோவாட் அதிர்வெண் பண்பேற்றம், மற்றது 18 கிலோவாட் வீச்சுப் பண்பேற்றம். ஒரே குன்று, ஒரே கம்பம், ஒரே நிகழ்ச்சி. வாதத்தை இப்படி இரும்பாலும் செம்பாலும் கட்டி எதிரெதிரே நிறுத்திப் பார்த்த அந்தப் பொறுமை மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு.

முடிவு அதிர்வெண் பண்பேற்றத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் கணக்கு இருக்கிறது. ஒலியின் மேல் எல்லை 15 கிலோஹெர்ட்ஸ், அலையின் விலகல், அதாவது ஒலிக்கேற்ப அதன் அதிர்வெண் நகரும் அளவு, கூட்டியும் குறைத்தும் 75 கிலோஹெர்ட்ஸ் என்றால் விகிதம் 5. அதன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 75. டெசிபெல்லில் சொன்னால் ஏறக்குறைய 19. வால்வின் (பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடக் குழாய்) சீற்றம் போன்ற இரைச்சலுக்கு எதிராக இத்தனை ஆதாயம், அலை ஓரளவு பலமாக வந்து சேர்ந்தால் போதும். இதற்கு மேலே, ஒலிபரப்பும்போது மேல் சுருதிகளை உயர்த்தி, பெட்டியில் அதே அளவு தாழ்த்துகிற ஏற்பாடு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அதன் நேர மாறிலி 50 மைக்ரோ விநாடி, அமெரிக்காவில் 75. இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் மோதினாலும் பலமானது மற்றதை அமுக்கிவிடும், மத்திய அலையைப் போல இரண்டும் சேர்ந்து ஊளையிடாது. அதனால் ஒரே அலைவரிசையை நாட்டின் இன்னொரு மூலையில் துணிந்து திரும்பப் பயன்படுத்தலாம்.

அலையைக் கிடைமட்டமாக அனுப்பியதும் தீப்பொறி இரைச்சலை எண்ணித்தான். கார் எஞ்சின் கக்கும் இரைச்சல் கிடைமட்ட ஏரியலில் குறைவாகவே ஏறுகிறது என்று அளந்து கண்டிருந்தார்கள். கேட்பவர் வீட்டில் உட்கார்ந்து, கூரையில் ஏரியல் மாட்டிக் கேட்பார் என்பது கணக்கு. காரில் செங்குத்துக் கம்பி வைத்துக் கேட்கும் காலம் வரும் என்று எண்ணவில்லை. 1980களில்தான் ரூட்டத்தின் ஏரியலை இரண்டு திசைக்கும் பொருந்துமாறு மாற்றினார்கள்.

வரவேற்பறைப் பெட்டிக்குள்

குன்றில் நடந்ததெல்லாம் சரி. வீட்டில் என்ன நடந்தது என்பதில்தான், 1955இல் இந்தப் புரட்சி ஏன் பெரும்பாலானோர் காதில் விழவில்லை என்பதற்கான விடை இருக்கிறது.

அந்தக் காலத்து நடுத்தரப் பெட்டி ஒன்றைத் திறந்தால் வால்வுகளின் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: முன்முனையில் இசிசி85 என்ற இரட்டை டிரையோடு, பிறகு இசிஎச்81, இஎஃப்85 அல்லது இஎஃப்89, இஏபிசி80, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட இஎல்84. இசிசி85இன் ஒரு பாதி ஏரியலிலிருந்து வருவதைப் பெருக்கும், மறு பாதி ஆஸிலேட்டர், அதாவது பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் சுற்று. முதல் பாதிக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஆஸிலேட்டரின் அலை ஏரியல் வழியே வெளியே கசியாமல் அது தடுக்க வேண்டும். ஆஸிலேட்டரின் அலையும் வந்த அலையும் கலந்து கிடைக்கும் வித்தியாசமான இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 89.1 கேட்கும்போது ஆஸிலேட்டர் 99.8இல் ஓடும். அதன் இரட்டிப்பு 199.6, புதிதாகத் தொடங்கிய வணிகத் தொலைக்காட்சியின் பட்டைக்குள் போய் விழும். முன்முனை ஒழுங்காகக் கவசமிடப்படாத ஒரு பெட்டி அண்டை வீட்டின் படத்தில் கோடு போட முடியும்.

இதைவிடப் பெரிய தொல்லை நகர்வு. ஆஸிலேட்டர் சூடேறும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்டலையில் ட்ராய்ட்விச் நிலையத்தின் 200 கிலோஹெர்ட்ஸைக் கேட்கும் பெட்டியில் ஆஸிலேட்டர் சுமார் 670 கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 670 ஹெர்ட்ஸ், காதுக்குத் தெரியாது. பண்பலையில் 102 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆஸிலேட்டருக்கு அதே ஆயிரத்தில் ஒரு பங்கு 102 கிலோஹெர்ட்ஸ். அலையின் முழு விலகலே 75தான்! மாலைச் செய்திக்குச் சரியாக டியூன் செய்துவிட்டு உட்கார்ந்தால், கால்மணி நேரத்தில் ‘ஸ’ ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோல் உடையத் தொடங்கும், பிறகு உரத்த இடங்களெல்லாம் கிழியும். எழுந்துபோய்த் திருகினால் சரியாகும். கேட்பவர் பழியைப் பண்பலையின் மேல்தான் போடுவார். நல்ல தயாரிப்பாளர்கள் ஆஸிலேட்டர் காயிலின் குறுக்கே, வெப்பம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும் பீங்கான் கண்டென்சரை வைத்து இதை ஈடுகட்டினார்கள். எத்தனை பிகோஃபாரட், எந்த வெப்பக் குணகம், சேஸியில் வால்வுக்கு எவ்வளவு பக்கத்தில் வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு வடிவமைப்புக்கும் தனித்தனியாகச் சோதித்துத்தான் தெரியும். விலை மலிந்த பெட்டிகளில் அந்தச் சோதனைதான் முதலில் அடிபட்டது.

ஒலியைப் பிரித்தெடுக்கும் இடம் இஏபிசி80. விகித உணர்வி என்று அந்தச் சுற்றைச் சொல்லலாம். இரண்டு டையோடுகள், மூன்று சுற்றுக் காயில் கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர், குறுக்கே சில மைக்ரோஃபாரட் மின்பகு கண்டென்சர். கண்டென்சரின் வேலை அலையின் வீச்சு சட்டென்று மாறுவதைத் தாங்கிப்பிடிப்பது. அது காய்ந்துபோனால் பண்பலையின் அமைதியும் போய்விடும், தெருவில் போகும் ஒவ்வொரு மோட்டார்சைக்கிளும் ஸ்பீக்கரில் வந்து போகும். சீரமைக்கும் முறை எளிது. வோல்ட்மீட்டரை அந்தக் கண்டென்சரின் குறுக்கே வைத்து, மற்றக் காயில்களையெல்லாம் அதிகபட்ச அளவுக்குத் திருப்ப வேண்டும். பிறகு மீட்டரை ஒலி வெளிவரும் முனைக்கும் சுமையின் நடுப்புள்ளிக்கும் இடையே மாற்றி, கடைசிக் காயிலின் மையக்கட்டியை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுழியத்தின் ஒரு பக்கம் நேர்மறை, மறுபக்கம் எதிர்மறை. இரண்டும் சமமாக ஏறினால் சுற்று சமநிலையில் இருக்கிறது. மையக்கட்டி இறுகியிருந்தால் உலோகத் திருப்புளியால் முறுக்கக்கூடாது. ஃபெரைட் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் அதோடு சரி.

அதற்கடுத்து 47 கிலோஓமும் 1000 பிகோஃபாரடும் சேர்ந்து, உயர்த்தி அனுப்பிய மேல் சுருதிகளைத் தாழ்த்தும். இந்தச் சிறு கண்டென்சர் அறுந்துபோனால் எல்லாக் குரலும் கீச்சிடும்.

ஏரியல் என்றால் எத்தனை அடி

பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும் ஏரியல் போதும் என்று கடைக்காரர் சொல்வார். ரூட்டத்துக்குப் பக்கத்தில் போதும்தான். மற்ற இடங்களில் பரணில் ஓர் இருமுனை ஏரியல் வேண்டும். 91.3 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 3.29 மீட்டர். அதில் பாதியை 0.95ஆல் பெருக்கினால் 1.56 மீட்டர். அதாவது 78 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள், நடுவில் சிறு இடைவெளி, அங்கிருந்து 75 ஓம் கேபிள். 300 ஓம் தட்டை நாடா கையில் இருந்தால் சுமார் ஒன்றரை மீட்டர் வெட்டி, இரு நுனிகளையும் தனித்தனியே முறுக்கி ஒட்டி, ஒரு பக்கக் கம்பியை மட்டும் நடுவில் அறுத்து, அங்கே இன்னொரு நாடாவை இணைத்தால் மடிப்பு ஏரியல் தயார். கம்பியின் அகலப் பக்கம் குன்றைப் பார்க்க வேண்டும். நுனி பார்த்தால் அந்தத் திசையில் ஏரியலுக்குக் காது கிடையாது. பலர் கூரையில் இருந்த தொலைக்காட்சி ஏரியலிலேயே செருகிப் பார்த்தார்கள். லண்டன் தொலைக்காட்சி 45 மெகாஹெர்ட்ஸில் செங்குத்தாக வந்துகொண்டிருந்தது, ரூட்டமோ அதன் இரு மடங்கில் கிடைமட்டமாக. ரூட்டத்தின் அதிர்வெண்ணும் திசையும் அந்த ஏரியலுக்குப் பொருந்தவில்லை.

குன்றின் மறைவிலோ பெரிய எரிவாயுத் தொட்டியின் அருகிலோ இருப்பவர்களுக்கு வேறு வகைத் துன்பம். நேராக வரும் அலையோடு பட்டுத் தெறித்த அலையும் தாமதமாக வந்து கலக்கும். தொலைக்காட்சியில் அது நிழல் படமாகத் தெரியும். பண்பலையில் அப்படித் தெரியாது, உரத்த இடங்களில் மட்டும் ஒலி கரகரத்துக் கிழியும். ஆள் பெட்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோவார், கடையில் அது அருமையாகப் பாடும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி கிழியும். திசை கூர்மையான ஏரியல் ஒன்றுதான் தீர்வு.

லண்டனுக்குத் தள்ளியிருந்த நிலையங்களில் இன்னொரு எல்லையும் இருந்தது. நிகழ்ச்சி அங்கே போவது அஞ்சல்துறையின் தரைவழிக் கம்பியில். நெடுந்தொலைவுக் கம்பி 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் கடத்தும். டிரான்ஸ்மிட்டரால் 15 முடியும், பெட்டியால் முடியும், நடுவில் கம்பிக்கு முடியாது. 1970களின் தொடக்கத்தில் எண்முறைக் கடத்தல் வந்த பிறகுதான் அந்த அடைப்பு நீங்கியது.

செப்டம்பர் 22க்குத் திரும்பினால்

அந்த ஆண்டு வானொலி தளர்ந்துபோய்க் கிடக்கவில்லை. மார்ச் கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் லண்டன் நாளிதழ்கள் ஏறக்குறைய ஒரு மாதம் வெளிவரவில்லை. ஏப்ரல் 5இல் சர்ச்சில் பதவி விலகிய செய்தியைப் பலர் வானொலியில் கேட்டார்கள். ஆனாலும் பெட்டி வைத்திருக்க எடுக்க வேண்டிய உரிமங்களின் கணக்கு வேறு திசை காட்டியது. ஒலிக்கு மட்டுமான உரிமம் 1 பவுண்டு, தொலைக்காட்சியும் சேர்ந்தது 3 பவுண்டு. மூன்று மடங்கு கொடுத்தவர்கள் 45 லட்சத்தை எட்டிவிட்டிருந்தார்கள். பழைய வால்வுப் பெட்டியை மாற்றக் காசு சேர்த்த குடும்பம் அதைப் படப்பெட்டிக்குத்தான் கொடுத்தது. பண்பலையின் உண்மையான போட்டி மத்திய அலையோடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அது வரவேற்பறையின் அதே மூலைக்காகத் தொலைக்காட்சியோடு போட்டியிட்டது.

கிரேஸ் ஆர்ச்சர் இறந்த காட்சி 89.1இலும் போனது. லாயத்தின் தீச்சடசடப்பு, குதிரையின் கனைப்பு, ஓடிவரும் காலடிகள், எல்லாம் மேல் சுருதிகள் நிறைந்த ஒலிகள். பண்பலைக்கென்றே செய்ததுபோன்ற காட்சி. அதைக் கேட்ட லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் 1500 மீட்டர் நெட்டலையிலும் 247 மீட்டர் மத்திய அலையிலும்தான் கேட்டார்கள், தீயின் பாதி ஒலி வெட்டுப்பட்ட நிலையில்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு பிபிசி என்றால் சிற்றலையில் ஏறி இறங்கி வந்த தமிழோசைதான். அந்த ஏற்ற இறக்கம் அயனி மண்டலம் தந்தது. ரூட்டத்தின் அலைகள் அந்த மண்டலத்தை ஊடுருவி வெளியே போய்விடும். அதனால்தான் இரவிலும் சுத்தமாக இருந்தன, அதனால்தான் தென்கிழக்கு இங்கிலாந்தைத் தாண்டி யாருக்கும் எட்டவும் இல்லை. சென்னை வானொலி பண்பலையைத் தொடங்கியது 1977 ஜூலையில்.

ரூட்டத்தைத் தொடர்ந்து நாடெங்கும் நிலையங்கள் எழுந்தன. பெரும்பாலானவற்றில் அதே வரிசை, அதே 2.2 இடைவெளி. பர்மிங்ஹாம் அருகே உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் 88.3, 90.5, 92.7. லைட் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் மற்ற இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். 1966இல் இதே அலைகளில் ஸ்டீரியோ ஏறியது. அடுத்த ஆண்டு பெயர்கள் ரேடியோ 2, 3, 4 என்று மாறின.

1955இல் செய்த பெட்டி ஒன்று இன்று கைக்கு வந்தால் உடனே மின்சாரம் கொடுக்கக்கூடாது. இஎல்84இன் கிரிடுக்குப் போகும் மெழுகுக் காகிதக் கண்டென்சரை முதலில் மாற்ற வேண்டும். அது கசிந்தால் வால்வும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரியும். அடுத்து விகித உணர்வியின் மின்பகு கண்டென்சர். பிறகு இசிசி85. அதன் உமிழ்வு தளர்ந்திருந்தால் ஆஸிலேட்டர் பட்டையின் ஒரு முனையில் நின்றுபோகும். இவ்வளவும் முடித்து, 78 சென்டிமீட்டர் கம்பி இரண்டைக் கிடைமட்டமாகக் கட்டி, கால்மணி நேரம் சூடேறவிட்டு, தென்கிழக்கு இங்கிலாந்தில் முள்ளை 91.3க்குத் திருப்பினால் ரேடியோ 3 கேட்கும். குன்றும் அதே குன்று, அலைவரிசையும் அதே அலைவரிசை.